உடன் வந்தவர்

“நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேனுங்க” என்று மேசைக்கு முன்னால் கிடந்த ஒற்றை நாற்காலியை லியோ, ஜோஸ்லின் பக்கம் நகர்த்தினான்.

டாக்டர் வரதராஜுலு ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது நோயாளிக்குப் போட்ட சேரு. கூட வந்தவங்க ஓரமா நில்லுங்க.”

ஜோஸ்லின் சுவரோரம் போய் நின்றாள். லியோ சங்கடத்தோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

டாக்டரும் கோவைக்காரர்தான். மாற்றுத்திறனாளிகள் முகாமில் மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவர் பேச்சிலிருந்து ‘ங்க’ உதிர்ந்துவிடும். சற்று முன்புதான், விசைத்தறியில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்த ஒருவரை, “மிச்சம் எட்டு இருக்குதில்ல?” என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

“இது என்ன கேசு?”

பக்கத்தில் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்த நஃபீசா படித்தாள். “கிணத்துக்கடவு சார். ரெண்டு வருசத்துக்கு முந்தி பைக் விபத்து, தலையில அடி. ஞாபக மறதின்னு போட்டிருக்கு. அட்டையும் மாச உதவித்தொகையும் கேட்டிருக்காங்க.”

டாக்டர் இப்போதுதான் நிமிர்ந்து லியோவை மேலும் கீழும் பார்த்தார். வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. “கல்யாணத்துக்குப் போற மாதிரியில்ல வந்திருக்கான்.”

அந்தச் சட்டையைத் தேய்க்காமலே விட்டிருக்கலாம் என்று ஜோஸ்லினுக்குத் தோன்றியது.

“இவரைத் தனியா உட்டுப்போட்டு மில்லுக்குப் போக முடியறதில்லீங்க சார்” என்று ஆரம்பித்தாள். “நரம்பு டாக்டர் லெட்டர் குடுத்திருக்காருங்க. அதுல எல்லாம் வெவரமா...”

“ஏம்மா, அட்டை உனக்கா?” அவள் நீட்டிய கடிதம் பிரிக்கப்படாமலே ஃபைலுக்கு அடியில் போனது. “கேட்டா எவன் வேணும்னாலும் லெட்டர் எழுதுவான். நேர்ல பாக்கத்தான் நான் உக்காந்திருக்கேன். இனி வாயைத் தொறந்தா வெளிய அனுப்பிச்சிருவேன்.”

இது அவளுக்கு மூன்றாவது முகாம். முதல் தடவை ஸ்கேன் பழசு என்றார்கள். அடுத்த தடவை டாக்டர் லீவு. இந்த மாதத்தோடு பெயரை எடுத்துவிடுவோம் என்று மில்லில் சொல்லியாகிவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“பேரு?”

“லியோங்க. அப்பா ஏசுவடியானுங்க. சொந்த ஊரு பல்லடமுங்க.”

“தொழிலு?”

“மோட்டாருக்குக் காயில் கட்டறதுங்க.”

“மொதல்ல எங்க வேலை பாத்தே?”

“செங்கோடண்ணன் பட்டறைங்க. அப்ப எனக்குப் பதினாறு வயசு. அண்ணன் ஒரு பச்சை ஸ்கூட்டர் வெச்சிருந்தாருங்க, மழை பேஞ்சா ஸ்டார்ட் ஆகாது. அப்பெல்லாம் நாந்தான் தள்ளுவேன்.”

“பாத்துக்க நஃபீசா. ஸ்கூட்டர் கலரு வரைக்கும் சொல்றான். இதுக்குப் பேரு மறதியாம்.” டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். “நூத்துல ஏழு போனா?”

“தொண்ணூத்தி மூணுங்க. எம்பத்தாறு, எழுபத்தொம்போது, எழுபத்திரண்டு...”

“போதும், போதும்.”

லியோவின் பார்வை மேலே போயிருந்தது. அங்கே மின்விசிறி முனகிக்கொண்டு சோம்பலாகச் சுற்றியது. “கெப்பாசிட்டர் வீக்காயிருச்சுங்க சார். ஸ்டூல் ஒண்ணு குடுத்தீங்கன்னா நானே மாத்திப்போடறேன்.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அடிபட்ட தலை நம்ம ஃபேனுக்கு வைத்தியம் சொல்லுது. நடிக்கறதுன்னாலும் ஒழுங்கா நடிக்கோணும். அரசாங்கம் குடுக்குதுன்னா போதும், கல்லுக்குண்டாட்டம் இருக்கறவனெல்லாம் கெளம்பி வந்தர்றான்.”

ஜோஸ்லின் ஓர் அடி முன்னால் வந்தாள். டாக்டர் பேனாவை வாசல் பக்கம் நீட்டினார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

லியோ திரும்பி அவளைப் பார்த்தான். “தண்ணி குடிக்கறீங்களா? மொகமெல்லாம் வேர்த்திருக்குதுங்க.” மடியிலிருந்த பையைத் துழாவி பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

நஃபீசா டாக்டர் பக்கம் சாய்ந்தாள். “பொண்டாட்டிய வாங்க போங்கன்னு கூப்புடற ஆளை இன்னைக்குத்தான் சார் பாக்கறேன். எங்க ஊட்டுக்காரரை இவருகிட்ட டியூசனுக்கு அனுப்போணும்.”

“எல்லாம் நமக்கு முன்னாடி காட்டற பவுசு.”

வேறு யாரையோ பற்றிய பேச்சு என்பதுபோல் லியோ மறுபடியும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

டாக்டர் படிவத்தை இழுத்து மடமடவென்று எழுதினார். பேச்சு: குறையில்லை. கணக்கு: குறையில்லை. ஞாபகம்: குறையில்லை. ஊனம்: ஐந்து சதவீதம். “நாப்பது இருந்தாத்தான் அட்டை. இந்த அஞ்சே நான் போட்ட தர்மம்” என்றபடி ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

“சார், ஒரு கட்டம் காலியா இருக்குதுங்க” என்றாள் நஃபீசா. “உடன் வந்தவர், உறவுமுறை. அதை நிரப்பாட்டி கம்ப்யூட்டர் எடுத்துக்காது.”

ஜோஸ்லின் பதில் சொல்ல வந்தாள்.

“நீ பேசாதேன்னு சொன்னனில்ல? அவனே சொல்லட்டும்.” முத்திரையைப் பிடித்தபடியே டாக்டர் சுவரோரம் நின்றவளைத் தாடையால் காட்டினார். “இந்தம்மா உனக்கு என்ன வேணும்?”

லியோ அவளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தான். பிறகு, அவள் காதில் விழுந்தால் வருத்தப்படுவாளோ என்று பயந்தவன்போல் மேசை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

“தெரியலீங்க சார். பாவம், ரொம்ப நேரமா நிக்கறாங்க, அவங்களை என்னன்னு கேட்டு அனுப்புங்க.”