உருண்டால் போதும்

டிங்கர் ஐயனார் அம்பாசடரின் கதவை விரலால் தட்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது.

“உப்புக் காத்து தின்னுருச்சுக்கா. பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சுத் தரேன். பாக்க நல்லாருக்கும்.”

“பாக்குறதுக்கு இல்லீங்க. துருவை அறுத்துட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணுங்க. கதவு, மட்கார்டு, அடித்தகரம் எல்லாத்துலயும்” என்றாள் சந்திரா.

“இன்ஜின்?”

“அது கெடக்கட்டும். வண்டி உருண்டாப் போதும்.”

“மீன் விக்கிறவங்களுக்கு ஓடாத காரு எதுக்குக்கா?”

“ரோஷத்துக்கு.”

ஐயனார் பூவத்திலிருந்து தினமும் வந்து, கோவில்பத்தில் அவள் வாசலிலேயே உட்கார்ந்து வேலையை முடித்தார். சந்திரா ஒவ்வொரு தகடாகக் குத்திப் பார்த்துவிட்டு, டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை, பக்கத்துத் தெரு குணசேகரன் தன் வீட்டுக் கேட்டைத் திறந்தார். பைக்கை வெளியே எடுக்க வழியில்லை. குறுக்கே அம்பாசடர் நின்றது. அதன்மேல் சாய்ந்தபடி சந்திரா நின்றாள்.

“என் காரை யாரு இங்க கொண்டாந்து போட்டது?”

“நாந்தாங்க. உங்க வீட்டுல எடமில்லன்னு என் வாசல்ல நிறுத்துனீங்க. மீன் வண்டியை வெளிய எடுக்க முடியல, நகத்துங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? ‘இழுத்தா உதிர்ந்துடும், ஒரு துண்டு விழுந்தாலும் நீதான் பொறுப்பு’ன்னீங்க.”

கதவை ஓங்கித் தட்டினாள். கணீரென்றது.

“இனிமே உதிராது. எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போங்க, என் வாசலைத் தவிர.”