ஈரம் புகாத பெட்டி

சமையலறை மேடையில் கேமராப் பெட்டி திறந்து கிடந்தது. மகாதேவன் அதனுள் இருந்த சிறு வலைத்துணிப் பையை எடுத்து, மணிகளைத் தட்டில் கொட்டினார். எல்லாம் ரோஸ் நிறம்.

வாசலில் நின்ற பிரின்ஸ் மூச்சைக்கூட விடவில்லை. இதைப் பிடிக்கத்தான் தலைவலி என்று சொல்லி, உமாசங்கரோடு அருவிக்குக் குளிக்கப் போகாமல் படுத்திருந்தான்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டிய, அண்ணாச்சி."

மகாதேவன் திரும்பினார். தட்டை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

மேலகரத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். நட்சத்திரங்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டது அவர் மகள் ஸ்ரீமதி. நீண்ட நேரம் எடுக்கும்போது கேமரா சூடாகும். படத்தில் பொய் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக விழும். அதைக் குளிர வைக்க வேண்டும்.

குளிர வைக்கும் கேமரா கடையில் லட்சத்துக்கு மேல். அதனால் ஒரு பழைய கேமரா, கெட்டுப்போன வாட்டர் டிஸ்பென்சரின் குளிர்தகடு, கம்ப்யூட்டர் ஃபேன், ஓர் அலுமினியப் பெட்டி என்று சேர்த்து அப்பாவும் கணவன் உமாசங்கரும் வேலையைத் தொடங்கினார்கள்.

பாதியில் ஸ்ரீமதி இறந்துபோனாள். பதினான்கு மாதமாகிறது. இதை முடிக்காமல் மாமனார் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று உமாசங்கர் சொல்லிவிட்டான். பார்த்த வேலையையும் விட்டான்.

பெங்களூரில் அவனுக்கு வேறு வேலை பிடித்துக் கொடுத்தவன் பிரின்ஸ். கல்லூரியில் ஒரே அறை. சேரும் தேதியை இரண்டு முறை தள்ளியாயிற்று. இந்தத் திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடம் இன்னொருவனுக்கு. அதனால்தான் நேரில் அழைத்துப்போக வந்திருந்தான்.

வந்து பார்த்தால், கட்டிவைத்த சூட்கேஸிலிருந்தே உமாசங்கர் தினமும் ஒரு சட்டையை எடுத்துப் போட்டு, துவைத்து, மடித்து, மறுபடி அதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக இப்படி.

கேமரா எப்போதோ முடிந்துவிட்டது. ஈரம் ஒன்றுதான் பாக்கி. சாரல் காற்று துளி உள்ளே புகுந்தாலும், படம் பதியும் அந்தக் குளிர்ந்த சென்சார் வியர்த்துப் பனி பிடித்துவிடும்.

நேற்று மாலையும் அதே கதை.

"ஏலே, பேசாம ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து படம் எடுக்க வேண்டியதான?" என்றான் பிரின்ஸ்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தா வானம் தெரியாதுலே."

உமாசங்கர் சிரிக்காமல் சொன்னான். ஸ்விட்ச் போடும் முன் ஒருதடவை பார்த்துவிடுகிறேன் என்று பெட்டியைத் திறந்தான், பார்த்தான், மூடினான். மூன்று ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினான். நான்காவதை விரலால் திருப்பிவிட்டு ஸ்விட்சைப் போட்டான்.

மைனஸ் ஐந்து. மைனஸ் எட்டு. மைனஸ் பத்து. மூவரும் பெட்டியின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்கள். சென்சார் மேல் வெள்ளையாகப் பனி.

"மணியும் ரோஸ் ஆயிட்டு," என்றான் உமாசங்கர். ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் பெட்டிக்குள் போடும் மணிகள் அவை. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் ரோஸ். "இன்னும் ரெண்டு நாள் ஆவும்போல, மாமா."

"ஆவட்டும் மாப்ள."

அவசரமே இல்லாத அந்தக் குரல்தான் பிரின்ஸைச் சந்தேகப்பட வைத்தது. முப்பது வருடம் ஃப்ரிட்ஜ் பார்த்தவருக்கு ஒரு சின்னப் பெட்டியை ஈரம் புகாமல் அடைக்கத் தெரியாதா?

இப்போது கண்ணெதிரே பதில்.

"அவன் குளிக்கப் போனதும் நைஸா தொறந்து வச்சிருதிய. சாயங்காலம் வெளங்காமப் போவுது. எத்தன நாளா நடக்கு இது?"

"மெதுவாப் பேசுங்க தம்பி."

"எதுக்கு மெதுவா? மக போயிட்டா. மருமவனும் போயிட்டா வீட்ல யாருமில்லன்னு கட்டிப்போட்டு வச்சிருக்கிய. அவனுக்கு முப்பத்தொண்ணுதான் ஆவுது, அண்ணாச்சி! போங்க மாப்ளன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னேன் ஒருதடவ. ரெண்டு நாளு சோறு எடுக்கல அவரு."

"நல்லா கத சொல்லுதிய. இன்னைக்கு அவன் வரட்டும். இந்தத் தட்ட அப்படியே அவன் முன்னால வைக்கேன். மாமாவுக்காவ இருக்கேன், மாமாவுக்காவ இருக்கேன்னு பொலம்புதாம்லா, மாமா பண்ணுத வேலய பாக்கட்டும்."

பிரின்ஸ் தட்டை எடுக்கக் கை நீட்டினான். மகாதேவன் அதை முந்திக்கொண்டு எடுத்தார். கோபப்படவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, மேடைக்கு அடியிலிருந்து ஒரு பழைய தோசைக்கல்லை உருவி ஏற்றினார். மணிகளை அதில் கொட்டி, கரண்டியால் மெல்லக் கிளறினார். கடலை வறுப்பதுபோலப் பழகின கை.

"இது எதுக்கு?"

அவர் கிளறிக்கொண்டே இருந்தார். ஓரத்து மணிகள் முதலில் மாறின. பிறகு நடுவில் இருந்தவை. கொஞ்ச நேரத்தில் கல் முழுக்க நீலம்.

பிரின்ஸ் கல்லையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப நீங்க…"

வெளியே கேட் திறக்கும் சத்தம். அருவிக்குப் போன உமாசங்கர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மகாதேவன் சட்டென்று அடுப்பை அணைத்தார். மணிகளைப் பையில் அள்ளிப் பெட்டிக்குள் வைத்து, மூடி, நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கினார். பிறகு பிரின்ஸின் காதருகே குனிந்தார்.

"நான் தெனமும் காய வைக்கேன் தம்பி. நனைய விடுதது மாப்ள."