கதவுக்கு அடியில் ஒரு கை

வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கும்போது தேன்மொழிக்குத் திடீரென்று குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஓடிப்போய்ப் பள்ளிக் கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். மெர்லின் டீச்சர் கதவைத் தட்டினார், கெஞ்சினார், அப்பாவைக் கூப்பிடுவேன் என்று மிரட்டியும் பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவர் உடனே ஆளனுப்பினார். கதவை உடைக்க வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்து நின்றார்.

அப்போது அதே வகுப்பு ரஹீமா, யாரையும் கேட்காமல், ஈரத் தரையில் குப்புறப் படுத்தாள். கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் முழங்கைவரை கையை நுழைத்தாள். வெள்ளைச் சீருடையில் அழுக்குத் தண்ணீர் ஊறி ஏறியது.

“நானும்தான் சிரிச்சேன், தேனு. தப்புதான்,” என்றாள். “நீ கதவைத் திறக்க வேணாம். நான் இங்கயே இருக்கேன்.”

டீச்சர் வாட்ச்மேனைக் கையமர்த்தி நிறுத்தினார். இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது. கை மரத்துப்போயிருக்கும். ரஹீமா அசையவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் தோள் லேசாக முன்னால் இழுபட்டது. உள்ளே தேன்மொழி அந்தக் கையைப் பற்றியிருந்தாள். பிறகு அழுகை கேட்டது, அடக்காமல், பெரிதாக.

வாட்ச்மேன் கடப்பாரையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தார். தாழ் இன்னும் திறக்கவில்லை. மெர்லின் டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரஹீமாவுக்குப் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார்.