காதுக்குக் கொடுத்த பஞ்சு

மனநோய் வரும் முன்பே மூளைப் படத்தில் அதன் அடையாளத்தைப் பிடித்துவிடுவதாகச் சொல்லி, எத்தனையோ மாநாடுகளில் பொன்னாடை போர்த்திக்கொண்டவர் டாக்டர் தணிகாசலம். நோயாளிகளின் கூடப்பிறந்தவர்களையும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் கோமளா முதல் ஆளாக வந்து நின்றாள். அவளுடைய அண்ணன், யாருக்கும் கேட்காத ஒரு குரல் கூப்பிடுகிறது என்று செருப்புகூடப் போடாமல் வீட்டைவிட்டுப் போனவன். இன்னும் திரும்பவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்பது அந்தக் குரலுக்கு மட்டும்தான் தெரியும்.

"மிஷின் ரொம்ப சத்தம் போடும்க்கா, இதைக் காதுல வச்சுக்குங்க" என்று நர்ஸ் பஞ்சு கொடுத்தாள். கோமளா அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு படுத்தாள். மிஷின் தடதடத்து ஓய்ந்த பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

டாக்டர் படத்தைத் திரையில் போட்டு, தானே வரைந்ததுபோல ரசித்தார். "சுத்தமா இருக்கும்மா. உங்க அண்ணனுக்குக் கேட்டதெல்லாம் உங்களுக்குக் கேக்காது."

"நல்லாப் பாருங்க சார். ஒரு ஓரத்துலகூட இல்லையா?"

"பயத்தைப் பாரு!" என்று டாக்டர் சிரித்தார். அடுத்த மாநாட்டில் சொல்ல அவருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

கோமளாவின் கைக்குள் பஞ்சு நனைந்துபோயிருந்தது.