ஹெப்பாரினுக்குப் போர்த்திய சால்வை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரின் இரத்தத்துக்குள் ஊசி வழியாக ஹெப்பாரின் என்ற மருந்து வந்து இறங்கியது. இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

காயம் பட்டால் ஓடிப்போய் அடைக்கிற தட்டணு ஒன்று எதிரே வந்தது. விருந்தாளியைச் சும்மா விடலாமா? தன் புரதத்தையே எடுத்துச் சால்வையாகப் போர்த்தியது.

“எதுக்குங்க இதெல்லாம்?” என்று கூசியது ஹெப்பாரின்.

“எங்க ஊர் மரியாதைங்க. வேண்டாம்னு சொல்லக் கூடாது.”

உடம்புக்குள் நுழையும் அந்நியரைப் பிடிக்க அங்கே காவலுக்கு நின்றது எதிர்ப்பொருள். அதற்கு மருந்தோடும் பகையில்லை, சால்வையோடும் பகையில்லை. இரண்டும் சேர்ந்த கோலம்தான் கண்ணை உறுத்தியது.

“யார்றா நீ புதுசா?” என்று ஒரு கையால் சால்வையைப் பிடித்து, மறு கையால் தட்டணுவை உலுக்கியது.

மிரண்டுபோன தட்டணுவுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். சொந்தபந்தத்தையெல்லாம் கூவி அழைத்தது. காயமே இல்லாத இடத்தில் அத்தனையும் கைகோத்து இறுகின. காலிலிருந்து திரும்பும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது.

வெளியே டாக்டரின் குரல் கேட்டது. “கால் வீங்கிடுச்சே, சிஸ்டர். இரத்தம் உறையுது. ஹெப்பாரினைக் கூட்டுங்க.”

மறுபடியும் ஊசி இறங்கியது. மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத் தட்டணுக்கள் வாசலுக்கு வந்து, ஆளுக்கொரு சால்வையை விரித்துப் பிடித்தன.