ஒட்டிக் கிடந்த பக்கங்கள்

“இஞ்ச பாருங்க, இதுவும் ஒட்டிக் கிடக்கு.”

நிருஷா புத்தகத்தைப் புருசனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நடுவில் நாலைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழைய ரொட்டி மாதிரி விறைத்து நின்றன. ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கறை.

ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ரதீஸ் திரும்பியும் பார்க்கவில்லை.

“பேய் ஒட்டியிருக்கும்,” என்றான். பிறகு தொண்டையைக் கரகரவென்று ஆக்கி, “ஏ மானிடப் பெண்ணே... இந்தப் பக்கத்தை வாசியாதே...” என்று இழுத்தான்.

“பகிடி விடாதீங்க. போன புத்தகமும் இப்பிடித்தான். அதுக்கு முந்தினதும்.”

“அப்ப பேய்க்கதைய விட்டுட்டுச் சமையல் புத்தகம் வாசி புள்ள. கறியாவது உருப்படும்.”

திருப்பிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. இரண்டு வருசமாக எதற்குமே தெம்பில்லை. ஒரே மகன் நிதுர்ஷன் கூட்டாளிமாரோடு தோணியில் போய், வாவியில் விழுந்து, திரும்பி வராத நாளிலிருந்து அப்படித்தான். சமைப்பாள், கூட்டுவாள், துணி காயப்போடுவாள். எல்லாம் யாரோ பின்னால் நின்று தள்ளிவிடுகிற மாதிரி.

முன்பெல்லாம் வாசித்தாவது ஆறுவாள். அதுவும் ஏலாமல் போனது. எந்தக் குடும்பக் கதையைத் திறந்தாலும் ஒரு பையன், “அம்மா, பசிக்குது” என்று வந்துவிடுவான். மூடிவிடுவாள்.

தைப்பொங்கலன்று தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டினாள். இந்த வருசம் முழுக்கப் பேய்க்கதை, மாயக்கதை, விஞ்ஞானக்கதை. வேறெதையும் தொடுவதில்லை. செவ்வாய்க் கிரகத்தில் பள்ளிக்கூட மணி அடிக்காது. பேயின் சப்பாத்துக்கு யாரும் வெள்ளை பூசத் தேவையில்லை.

பந்தயம் கட்டினது அவள், சுமந்தது ரதீஸ். டவுனில் ஓட்டோ ஓடுகிறவன்தான் நூலகத்தில் புத்தகம் மாற்றிவர வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தானா? “எங்க புத்தகம்?” என்றால், “ஹயர் வந்திட்டுது, ஆள ஏத்திட்டுப் போயிட்டன்.” அடுத்த நாள், “மறந்திட்டன்.” அதற்கடுத்த நாள், “கிடைக்கல்ல.” ஒரு கிழமை இழுத்தடித்துக் கொண்டுவருவதும் இப்படி ஒட்டின புத்தகம்.

“எடுக்கக்குள்ள ஒருக்காத் திறந்து பாத்தா என்ன?”

“எனக்கும் புத்தகத்துக்கும் என்ன புள்ள? ரெண்டு வரி பாத்தா நித்திர வரும்.”

மகனுக்காக இவன் அழுது அவள் கண்டதில்லை. மகனின் முப்பத்தோராம் நாள் கிரியையன்றும் பந்தலுக்குள் நின்று யாருக்கோ பகிடி சொல்லிக்கொண்டிருந்த மனுசன். இவனிடம் கேட்டு என்ன.

அடுத்த நாள் தன்னாமுனையிலிருந்து பஸ் ஏறித் தானே நூலகத்துக்குப் போனாள்.

“மிஸ், ஆரோ உங்கட புத்தகங்கள நாசமாக்கிறாங்க.”

நூலகர் ஓட்றி மிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மை கோட். இது புத்தம் புதுசு, சைல்ட். போன திங்கள்தானே உங்கட மிஸ்டருக்குக் குடுத்தன். அவருக்கு முதல் ஒருத்தரும் எடுக்கல்ல.”

“திங்களா? அவர் முந்தநாள்தான் கொண்டுவந்தவர்.”

“வாசிச்சு முடிச்சுத்தானே வீட்ட கொண்டுபோவார். வெளிய அந்த மரத்துக்குக் கீழ ஓட்டோவ விட்டுட்டு, சாப்பிட்டுச் சாப்பிட்டு வாசிப்பார். ஹயர் வந்தாலும் போகமாட்டார். கண்ணக் கசக்கிக் கசக்கி வாசிக்கிறதப் பாத்திட்டு நான்தான் சொன்னன், மிஸ்டர், கண்ணாடி ஒண்டு போடுங்களன் எண்டு. ‘கண் பிழையில்ல மிஸ், பேய்க்கதைதானே, பயமா இரிக்கி’ எண்டார்.”



ஓட்றி மிஸ் அடிமட்டத்தின் விளிம்பை மெல்ல நுழைத்துப் பக்கங்களைப் பிரித்தார். உள்ளே நசுங்கிக் காய்ந்த சிவப்பரிசிச் சோறு. காலையில் அவள் கையால் கட்டிக்கொடுக்கிற பார்சல் சோறு.

பிரிந்த பக்கத்தில், எங்கும் கடலான ஏதோ ஒரு கிரகம். படகு கவிழ்கிறது. பையனின் கை ஒருதரம் மேலே தெரிகிறது. பிறகு தெரியவில்லை.

அந்த வரியோடு நிருஷா புத்தகத்தை மூடினாள்.

போன புத்தகத்தில் குட்டி இளவரசன் ஆற்றில் இறங்குகிற இடம் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தினதில், கிணற்றுப் பேய் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம்.

“இஞ்ச வெச்சிட்டுப் போங்க சைல்ட். நான் துடைச்சு வைக்கிறன். மறுகா முழுக்க வாசிக்கலாம்.”

“வேணாம் மிஸ். அப்பிடியே கிடக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் ரதீஸ் கேட்டான்: “என்ன புள்ள, பேய் என்ன சொல்லிச்சு?”

“ஒண்டும் சொல்லல்ல.”

அடுத்த நாள் காலை சோற்றுப் பார்சல் கட்டும்போது, ஒரு பிடி சோற்றைத் தனியே எடுத்துச் சின்ன இலைத் துண்டில் மடித்து மேலே வைத்தாள்.

“இதென்ன புள்ள, வெறுஞ்சோறு?”

“கறிச்சோத்தால ஒட்டினா எறும்பு வருது,” என்றாள் நிருஷா. “இனி இதால ஒட்டுங்க.”