அம்மாவுக்கு ஏற்ற படகு

"அண்ணே, இந்தப் படகு ரொம்ப மெதுவாப் போனா இன்ஜின் நின்னுடுமா?"

சின்ன மீன்பிடிப் படகின் விளிம்பைத் தட்டிப் பார்த்தபடி மகன் கேட்டான்.

"எவ்வளவு மெதுவா?" என்றார் படகுக்காரர்.

"ஆள் நடக்கிற வேகத்துல பாதி. அப்படியே எட்டு மணி நேரம்."

இருபத்திரண்டு வருடங்களாக ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடுகிறார் அவர். இன்னும் வேகமாகப் போகுமா என்று நச்சரிப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறார்.

"நிக்காது. ஆனா அக்கரைக்கு ஒன்றரை மணி நேரம்தானே? எதுக்கு எட்டு?"

"அம்மாவும் வர்றாங்க. அவங்களுக்கு ஏத்த மாதிரிதான் போகணும். புகை எந்தப் பக்கம் வரும்? அம்மாவுக்கு ஆகாது."

அம்மா என்றதும் படகுக்காரரின் குரல் இளகிவிட்டது.

"வயசு என்ன தம்பி?"

"அறுபத்து மூணு."

"அப்ப அந்தப் பேச்சே வேண்டாம். இப்படி வாங்க."

அடுத்து நின்ற பான்டூன் படகைக் காட்டினார். இரண்டு நீள உருளைகளின் மேல் வீட்டு ஹாலையே தூக்கி வைத்தாற்போல் தட்டையான தளம். சுற்றிலும் இடுப்பு உயரக் கம்பி, மெத்தை இருக்கைகள், மேலே கூரை. ஆளைச் சாய்க்காத படகு. அதில் அவருக்குத் தனிப் பெருமை.

"இதையே எடுத்துடலாங்க," என்றாள் கூட வந்த மருமகள். "எட்டு மணி நேரம் வெயில்ல யாரால உட்கார முடியும்? அத்தைக்குச் சுடுதண்ணி பிளாஸ்க், துண்டு, மருந்து எல்லாம் வைக்கவும் இடம் இருக்கு."

மகன் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தான்.

"ரொம்ப உயரம். காத்தடிச்சா இதை இழுத்துக்கிட்டும் போயிடும். சின்னதுன்னா குனிஞ்சாலே கை தண்ணியில படுது. அம்மாவுக்கு அதுதான் வசதி."

கை தண்ணீரில் பட வேண்டுமாம். அதற்காகப் பெற்றவளை நாள் முழுக்க ஒரு பலகையில் குந்த வைப்பானாம். படகுக்காரருக்குச் சுருக்கென்றது.

"தம்பி, அதுல காலை நீட்டக்கூட இடமில்ல. பெரியவங்க பாவம்."

"அதுக்கெல்லாம் அசர்ற ஆளா எங்க அம்மா?" மகனின் நெஞ்சு நிமிர்ந்தது. "முப்பது வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவங்க. ரிட்டயர் ஆன மறுநாள் இந்த ஏரியைப் பத்திச் சொன்னாங்க. ரெண்டு வருஷமா வீட்டுல இதே பேச்சுதான். எங்க குடும்பத்துலயே இப்படி ஆசைப்பட்டவங்க யாரும் கிடையாது."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டார் படகுக்காரர்.

"சரி, லைஃப் ஜாக்கெட் மூணு எடுக்கட்டுமா?"

"ரெண்டு போதும். எனக்கும் இவளுக்கும்."

"அம்மாவுக்கு?"

"வேண்டாம்."

படகுக்காரர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க உயிர் மட்டும் வெல்லக்கட்டியா? எங்கிட்ட படகு இல்ல. கிளம்புங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கே வேண்டும், வேறு இடத்தில் கிடைக்காது என்று மகன் கெஞ்சத் தொடங்கினான். அவர் முகம் கொடுக்கவில்லை.

அதற்குள் தோளில் துண்டோடு ஒரு பெண்மணி கரையிலிருந்து ஏறி வந்தார். அகலமான தோள்கள், நரைத்த குட்டை முடி.

"என்னடா, முடிவாச்சா?"

படகுக்காரர் மகனை ஒதுக்கிவிட்டு நேரே அவரிடம் போனார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. யாருக்கும் பயப்பட வேண்டாம். இதுவா, அதுவா? நீங்க எதுல ஏறணும்?"

அந்த அம்மாள் இரண்டையும் பார்த்துவிட்டு, மீன்பிடிப் படகைக் காட்டினார்.

"இது போதும் தம்பி, இவங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து எனக்குச் சுடுதண்ணி நீட்டுறதுக்கு. நான் அக்கரை வரைக்கும் நீந்தப் போறேன். படகுல என் விரல் பட்டாக்கூட ஏரியைக் கடந்துட்டேன்னு நீச்சல் சங்கத்துல ஒத்துக்க மாட்டாங்க."